பூஸ்டரைக் கழட்டிட்டா எந்த மாஸ்டர் சிலிண்டர் போடுறது: 1 இஞ்சா, 7/8 இஞ்சா?

பூஸ்டர்ங்கிறது இன்ஜின் உறிஞ்சுற வேக்குவத்த வச்சு நம்ம கால் பலத்த கூட்டிக் கொடுக்கிற டப்பா. இன்ஜின்ல பெரிய கேம் (வால்வத் திறந்து மூடுற தண்டு) போட்டதுக்கப்புறம் ஐடிலிங்ல அந்த வேக்குவமே சரியா நிக்கல. மெதுவா ஊர்ந்து போற நேரத்துல ரெண்டு தடவ பிரேக் மிதிச்சா மூணாவது தடவ பெடல் கட்டையா நிக்கும், அந்த பயத்தோட வண்டி ஓட்ட முடியாதுன்னு பூஸ்டரையே கழட்டி, கால் பலத்த மட்டும் நம்புற மேனுவல் பிரேக்குக்கு மாத்திட்டேன். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். பெடல் மிதிக்கிறத பிரேக் ஆயில் பிரஷரா மாத்துறதுதான் மாஸ்டர் சிலிண்டர், 1 இஞ்ச், 7/8 இஞ்ச்னு சொல்றது அதோட உள்விட்டம். ரெண்டு சைஸையும் இதே வண்டில போட்டு ஓட்டிப் பார்த்துட்டேன், இப்ப வண்டில இருக்கிறது 7/8.

1 இஞ்ச் பக்கம் இருக்கிற நியாயத்த முதல்ல சொல்லிடறேன். சுலபமா கிடைக்கும், பெடல் கொஞ்சமா இறங்கும், மிதிச்சா கெட்டியா நிக்கும். நிறைய பேர் அந்த கெட்டிய நல்ல பிரேக்குன்னு நம்பிடறாங்க, நானும் முதல் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கெட்டியா இருக்கிறது வேற, வண்டி நிக்கிறது வேற. ஒரு இறக்கத்துல முன்னாடி போன வண்டி சட்டுனு நின்னப்ப நான் சீட்ல முதுக அழுத்தி முழு பலத்தோட மிதிச்சேன், பெடல் அசையல, வண்டியும் அவசரமே இல்லாம மெதுவாத்தான் நின்னுது. இடிக்கல. ஆனா அன்னிக்கு சாயங்காலமே டேப் எடுத்து அளக்க உக்காந்துட்டேன்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 1 இஞ்ச் சிலிண்டரோட பிஸ்டன் பரப்பு சுமார் 5.07 சதுர செமீ, 7/8க்கு 3.88 தான். அதே பலம் சின்ன பரப்புல விழுந்தா லைன்ல பிரஷர் ஏறும், கிட்டத்தட்ட 30 சதவீதம் கூட. இதோட பெடல் ரேஷியோவ (பெடல் நம்ம கால் பலத்த எத்தன மடங்காக்குதுங்கிற கணக்கு) சேர்த்துப் பாக்கணும், எல்லாரும் கோட்டை விடறது இங்கதான். பெடல் தொங்குற பின்னுலேர்ந்து கால் வைக்கிற இடத்தோட நடு வரைக்கும் அளந்தா என் வண்டில 300 மிமீ, அதே பின்னுலேர்ந்து புஷ் ராடு (சிலிண்டர் பிஸ்டன தள்ளுற கம்பி) மாட்டுற ஓட்டைக்கு 75 மிமீ. அதாவது 4 மடங்கு. பூஸ்டர் இருக்கிற வண்டிக்கு அது போதும், மீதிய பூஸ்டர் பாத்துக்கும். பூஸ்டர் போனா 6 மடங்கு பக்கம் வேணும், அதுக்கு ஓட்டைய 25 மிமீ மேல ஏத்தணும். சில வண்டில பெடல்லயே ரெண்டு ஓட்டை இருக்கும், மேல இருக்கிறது மேனுவலுக்கு. என்னோடதுல இல்ல, புதுசா ட்ரில் போட்டேன்.

கால்ல 40 கிலோ பலம் கொடுக்கறோம்னு வச்சுக்கோங்க. 4 மடங்கு ரேஷியோ, 1 இஞ்ச் சிலிண்டர்: சதுர செமீக்கு 32 கிலோ கூட வராது. நான் அந்த இறக்கத்துல ஓட்டிட்டு இருந்தது இந்த கூட்டணிதான். ரேஷியோவ 6 ஆக்கினா அதே சிலிண்டர்ல 47. 6 மடங்கோட 7/8 போட்டா 62, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டிரம் சுத்தும்போது ஷூ தானே இழுபட்டு இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிற குணம் இருக்கிறதால குறைஞ்ச பிரஷர்லயும் சமாளிச்சுக்கும், டிஸ்க்குக்கு அந்த சலுகை கிடையாது, பிரஷர் இருந்தாத்தான் பிடிக்கும். அதனாலதான் முன்னாடி டிஸ்க் வச்சவங்களுக்கு 7/8 தான்னு அடிச்சு சொல்றேன்.

இதுக்கு கொடுக்கிற விலை பெடல் தூரம். அதே அளவு ஆயில் தள்ள 7/8 பிஸ்டன் 30 சதவீதம் கூடுதலா நகரணும். 1 இஞ்ச்ல பிஸ்டன் 12 மிமீ நகர்ந்தா பெடல் 72 மிமீ இறங்கும், 7/8ல 94 வரைக்கும் போகும். அதனால பின் டிரம் ஷூவ டைட்டா அட்ஜஸ்ட் பண்ணி வைக்கணும், லைன்ல ஏர் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது, ஷூ தேஞ்சாலும் ஏர் இருந்தாலும் 7/8ல உடனே கால்ல தெரிஞ்சிடும். மாஸ்டர் சிலிண்டரையும் வைஸ்ல பிடிச்சு, வெளியிலயே ஏர் எடுத்துட்டுத்தான் வண்டில மாட்டினேன். நாலு வீல்லயும் டிஸ்க், அதுல பெரிய பிஸ்டன் கேலிப்பர் (டிஸ்க்க கவ்விப் பிடிக்கிற பாகம்) வச்சிருந்தா தள்ள வேண்டிய ஆயில் கூட, அப்ப பெடல் ரொம்ப கீழ போகலாம், நடுவுல இருக்கிற 15/16 இஞ்ச் பாக்கலாம். அந்த செட்டப்ப நான் ஓட்டினதில்ல, கணக்கு வச்சுத்தான் சொல்றேன்.

டிஸ்க் பேடு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கிற ரோடு பேடு வாங்குங்க. ரேஸ் பேடு சூடேறினாத்தான் வேலை செய்யும், மேனுவல் பிரேக்ல காலைல முதல் மிதியே ஆபத்தாயிடும்.

சிலிண்டர் எந்த சைஸா இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்க பிஸ்டன் குழில ஒரு பேனாவ விட்டுப் பாருங்க. பூஸ்டர் வண்டி சிலிண்டர்ல பொதுவா அந்தக் குழி மேலோட்டமா இருக்கும், மேனுவலுக்கானதுல ஆழமா போகும். எனக்கு ஒரு கடைல மேனுவல்னு சொல்லிக் கொடுத்ததுல பேனா முனை மட்டும்தான் உள்ள போச்சு, திருப்பிக் கொடுத்துட்டேன். பெடல் பின்னாடி வரும்போது புஷ் ராடு அந்தக் குழிலேர்ந்து நழுவிடுச்சுன்னா அப்புறம் பிரேக்கே கிடையாது. ராடு மேலயோ கீழயோ சாயாம நேரா போகுதான்னும் பாருங்க, ஓட்டைய மேல ஏத்தும்போது இதுவும் கூடவே மாறும்.

மாட்டி முடிச்சதும் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல 1.5 மிமீ அளவுக்கு லூசு விடணும். சுத்தமா இறுக்கி வச்சா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஆயில் திரும்ப வழியில்லாம ஓட்ட ஓட்ட பிரேக் தானா பிடிச்சுக்கும். அப்புறம் பூஸ்டருக்கு போன வேக்குவம் ஹோஸ் இருந்த இடத்த மூடி போட்டு அடைங்க. அத விட்டுட்டா ஐடிலிங் ஏறி இறங்கிட்டே இருக்கும், கார்புரேட்டர்தான் கோளாறுன்னு நினைச்சு அதப் போய் பிரிச்சுட்டு உக்காந்திருப்பீங்க.