ஓடும் விஎம்மை நகர்த்தும்போது மெமரியை மாற்றினால்: குன்னூர்–ஊட்டி நடுவே விர்ட்டியோ-மெம் அனுபவம்

கோத்தகிரி நண்பர் ஒருவர் கேட்டார்: "இப்போ பலூன்தான் போட்டிருக்கேன். விர்ட்டியோ-மெம்முக்கு மாறிடலாமா? மைக்ரேஷன் அப்போ தொந்தரவு குடுக்குமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: விஎம் என்பது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர், ஹோஸ்ட் அதைத் தாங்கும் நிஜ இயந்திரம், கெஸ்ட் விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ், மைக்ரேஷன் என்பது ஓடும் விஎம்மை அணைக்காமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது. பலூன், விர்ட்டியோ-மெம் இரண்டும் ஓடும் விஎம்மின் மெமரியைக் கூட்டிக் குறைக்கும் வழிகள். நிறுவுவது எப்படி என்பதற்குள் போகவில்லை. கெஸ்டில் லினக்ஸ் 5.8-க்கு மேல், ஹோஸ்டில் க்யூஎமு (விஎம்மை ஓட்டும் மென்பொருள்) 5.1-க்கு மேல், லிப்விர்ட் (அதை நிர்வகிக்கும் மென்பொருள்) 7.9-க்கு மேல் இருந்தால் வேலை செய்யும். அவரிடம் மூன்றும் இருக்கின்றன.

என் அமைப்பு இதுதான். குன்னூரில் ஒரு ஹோஸ்ட், ஊட்டியில் ஒரு ஹோஸ்ட், நடுவில் 1 ஜிகாபிட் ஃபைபர். டிஸ்க் டிஆர்பிடி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை நகலெடுத்து வைக்கும் மென்பொருள்) வழியாக இரண்டு பக்கமும் இருப்பதால், மைக்ரேஷனில் நகர்வது மெமரி மட்டும். விஎம் 8 ஜிபியில் பூட் ஆகும். அதற்கு மேல் 16 ஜிபி வரை ஏற்றிக்கொள்ள ஒரு விர்ட்டியோ-மெம் டிவைஸ். கொழுந்து குவியும் மாதங்களில் ஃபேக்டரிக் கணக்கு ஓடும்போது அதில் 4 ஜிபி ஏற்றுவோம், மற்ற நேரங்களில் இறக்கிவிடுவோம்.

மைக்ரேஷன் எதற்கென்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை ஊட்டி, கூடலூர் பக்கம் மரத்தைச் சாய்க்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் கரண்ட் போகிறதோ அங்கிருந்து மறுபக்கத்துக்கு விஎம்மை ஓட்டத்திலேயே நகர்த்த வேண்டும், அதுவும் யுபிஎஸ் தாங்கும் நேரத்துக்குள். கீழே வரும் வினாடிக் கணக்கையெல்லாம் அந்த யுபிஎஸ்ஸை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. டிம் ஹாட்பிளக் (ஒரு மெமரிக் கட்டையை முழுசாகச் சேர்த்து எடுக்கும் வழி) பழகியவர்களுக்கு விர்ட்டியோ-மெம் பெரிய விடுதலை. டிம்மை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் பாடு. அந்த டிம்மின் ஒரு மூலையில் கெர்னலின் நகர்த்த முடியாத ஒரு மெமரிப் பக்கம் (பேஜ்) உட்கார்ந்திருந்தாலே முழு டிம்மும் கழன்று வராது. விர்ட்டியோ-மெம்மில் எக்ஸ்86 கெஸ்டில் 2 எம்பி துண்டுகளாக ஏறி இறங்குகிறது. 4 ஜிபி கேட்டால் 4 ஜிபி, 3.5 கேட்டால் 3.5. கெஸ்டின் கெர்னல் வரியில் மெம்எச்பி டிஃபால்ட் ஸ்டேட்டை ஆன்லைன் மூவபிள் (ஏறும் மெமரியை நகர்த்தக்கூடியதாகவே வை) என்று கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் இறக்கும்போது முரண்டு பிடிக்காது. ஆன்லைன் ஆக்காமலே (கெஸ்ட் பயன்படுத்தத் தொடங்காமலே) விட்டால் ஆஃப்லைன் மெமரி 1 ஜிபி அளவுக்குச் சேர்ந்ததும் டிரைவர் மேற்கொண்டு ஏற்றுவதை நிறுத்திவிடும். "4 கேட்டேன், 1 தான் வந்தது" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு நல்ல குணம்: ஏற்றப்படாத துண்டுகளை மைக்ரேஷன் தொடுவதே இல்லை. 16 ஜிபி டிவைஸில் 4 ஜிபி மட்டும் ஏறியிருந்தால் அந்த 4 மட்டும்தான் வயரில் போகும்.

இனி என்னைக் கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். மைக்ரேஷன் நடக்கும்போது மெமரி அளவை மாற்ற விடமாட்டார்கள். அதில் எனக்கு மறுப்பே கிடையாது. மைக்ரேஷன் தொடங்கும்போது இந்தப் பக்க க்யூஎமு, எந்தெந்த ரேம் பிளாக் (மெமரித் தொகுதி), ஒவ்வொன்றின் நீளம் எவ்வளவு என்ற பட்டியலைத்தான் முதலில் அனுப்புகிறது. அந்தப் பக்கம் அதைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறது. ஒத்துவராவிட்டால் 'சைஸ் மிஸ்மேட்ச்' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும் (பழைய பதிப்புகளில் 'லெங்த் மிஸ்மேட்ச்'). ஒத்துப்போன பிறகு சுற்றுச் சுற்றாக மெமரிப் பக்கங்கள் போகும்போது நடுவில் ஒரு துண்டை ஏற்றினால், அந்தத் துண்டில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறொன்றும் இருக்கும். கெஸ்ட் கண்ணில் அது படலாம். ஆகவே மறுப்பதுதான் சரி.

மறுக்கும் விதம்தான் பிரச்சினை. லிப்விர்ட் வழியாக நடுவில் அளவு மாற்றினால், ஜாப் லாக்குக்காக (ஒரு வேலை ஓடும்போது இன்னொன்றைத் தடுக்கும் பூட்டு) 30 வினாடி காத்திருந்துவிட்டு 'கேனாட் அக்வயர் ஸ்டேட் சேஞ்ச் லாக்' என்று முகத்தில் அடித்தாற்போல் பிழை வரும். அதுகூடப் பரவாயில்லை, நேர்மையான பதில். டிம்மை நடுவில் சேர்த்தால் க்யூஎமுவும் 'டிவைஸ் ஆட் நாட் அலவ்டு வைல் மைக்ரேட்டிங்' என்று வாய்விட்டுச் சொல்லும். விர்ட்டியோ-மெம்மில் மைக்ரேஷனுக்கு முன்பே கேட்டு, இன்னும் முடியாத கோரிக்கை இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்படி நடக்கும். கரண்ட் போகிறது. நகர்த்த வேண்டியதைக் குறைத்தால் சீக்கிரம் முடியுமே என்று 4 ஜிபியை இறக்கச் சொல்லிவிட்டு உடனே மைக்ரேஷனைத் தொடங்குகிறீர்கள். யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். கெஸ்டின் டிரைவர் துண்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருக்கும். அதற்குள் மைக்ரேஷன் தொடங்கிவிட்டதால் க்யூஎமு 'பிஸி' என்று பதில் தரும். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு டைமரை வைத்துக் காத்திருக்கும். அந்த டைமர் முதல் முறை 50 வினாடி, தோற்கத் தோற்க இரட்டிப்பாகி 100, 200, அதற்கு மேல் 300 வினாடியில் நிற்கும். வழக்கமான லாகில் இதைப் பற்றி ஒரு வரியும் வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிபியோடு இன்னும் கழலாத 4 ஜிபி, மொத்தம் 12. 1 ஜிகாபிட்டில் வினாடிக்கு ஏறக்குறைய 117 எம்பி வைத்தால் முதல் சுற்றுக்கே 110 வினாடி. அழுக்கான (அனுப்பிய பிறகு மாறிவிட்ட) பக்கங்களை மறுபடி அனுப்பும் சுற்றுகளையும் சேர்த்து 160 வினாடியில் முடிகிறது என்று வையுங்கள். டிரைவர் முயன்ற நேரங்கள் 0, 50, 150. மூன்றும் மைக்ரேஷனுக்குள் விழுந்ததால் தோல்வி. அடுத்த முயற்சி 350-ஆவது வினாடியில். அதாவது விஎம் மறுபக்கம் போய்ச் சேர்ந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 190 வினாடி அந்த 4 ஜிபி சும்மா பிடித்துவைக்கப்பட்டிருக்கும். அங்கே ஏற்கெனவே வேறு விஎம்களால் ஹோஸ்ட் மெமரி நெருக்கடியில் இருந்தால், அந்த மூன்று நிமிடத்தில் ஸ்வாப் பொங்கி எல்லாமே தள்ளாடும். மைக்ரேஷன் முடிந்தது என்று கெஸ்டுக்குத் தட்டிச் சொல்ல ஒரே ஒரு அறிவிப்பு இருந்தால் போதும். அது இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. கேட்கும் அளவு மாறாவிட்டாலும், திரும்ப எழுதினாலே க்யூஎமு கெஸ்டுக்குக் கான்ஃபிக் அறிவிப்பு அனுப்பும். கெஸ்ட் டைமரை ரத்து செய்துவிட்டு அப்போதே வேலையைத் தொடங்கும். எனவே மைக்ரேஷன் முடிந்த கையோடு, போய்ச் சேர்ந்த ஹோஸ்டில் விர்ஷின் (லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி) க்யூஎமு மானிட்டர் கமாண்ட் வழியாக, குவாம் செட் (டிவைஸின் ஒரு மதிப்பை எழுதும் கட்டளை) போட்டு அதே ரிக்வெஸ்டட் சைஸை (கேட்ட அளவை) மறுபடி கொடுங்கள். மானிட்டரைத் தொட மனமில்லை என்றால் விர்ஷின் அப்டேட் மெமரி டிவைஸில் 2 எம்பி கூட்டி ஒருமுறை, சரியான அளவில் ஒருமுறை. மைக்ரேஷன் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக இதைப் போட்டுவிட்டால் அந்த 190 வினாடி காணாமல் போகும்.

இதைவிட நல்லது, இறக்கி முடித்த பிறகு நகர்த்துவது. டம்ப் எக்ஸ்எம்எல்லில் (விஎம் விவரத்தைக் காட்டும் விர்ஷ் கட்டளை) அந்த டிவைஸின் டார்கெட்டுக்குள் ரிக்வெஸ்டட் (கேட்ட அளவு), கரன்ட் (இப்போதைய அளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் சமமாகும்வரை பொறுங்கள். 8 ஜிபி மட்டும் நகர்ந்தால் முதல் சுற்று 73 வினாடிதான். ஆனால் 30 வினாடிக்கு மேல் கரன்ட் அசையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கழலாத துண்டு இருந்தாலும் டிரைவர் அதே 50 வினாடி டைமரில்தான் போய் உட்காரும். யுபிஎஸ் அதற்காகக் காத்திருக்காது, நகர்த்திவிடுங்கள்.

மெமரியைத் தானாக ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடினால், முதல் வரியிலேயே விர்ஷ் டாம்ஜாப்இன்ஃபோ பார்த்து, ஏதாவது ஜாப் ஓடினால் பேசாமல் வெளியேறச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 30 வினாடி தொங்கி, பிழை மெயிலாக வந்து குவியும்.

பலூனைப் பற்றியும் நண்பர் கேட்டார். நகர்த்துவதற்கு முன்பே பலூன் ஊதி (கெஸ்ட் மெமரியை ஹோஸ்டுக்கு விட்டுக்கொடுத்து) முடிந்திருந்தால் லாபம். விட்டுக்கொடுத்த பக்கங்கள் சுழியப் பக்கங்களாகச் சில பைட்டில் போய்விடும், அந்தப் பக்கமும் இடம் பிடிக்காது. முன்பே கேட்டு மைக்ரேஷன் நடுவில் ஊதிக்கொண்டிருந்தால் பலூன் தடுக்கப்படுவதில்லை, ஆனால் லாபமும் இல்லை. ஏற்கெனவே அனுப்பிய மெமரிப் பக்கத்தை இந்த ஹோஸ்டில் விடுவித்தாலும் அந்தப் பக்கம் அது அப்படியே நிற்கும். பலூன் 4 ஜிபி விட்டதாகக் காட்டும், ஹோஸ்டிலோ அந்த 4 ஜிபி திரும்பியிருக்காது. கெஸ்ட் மெமரியை மெம்எஃப்டியில் (மெமரியிலேயே இருக்கும் கோப்பு) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அங்கே காலிப் பக்கத்தை வாசித்தாலே உண்மையான பக்கம் ஒதுக்கப்படும். நகர்த்தும்போதே புறப்படும் ஹோஸ்டின் மெமரி ஏறும்.

இன்னும் மூன்று இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரேஷன் நடுவில் கெஸ்டை ரீபூட் செய்யாதீர்கள். பூட்டின்போது ஏசிபிஐ டேபிள்கள் (ஹார்ட்வேர் விவரப் பட்டியல்கள்) புதிதாகக் கட்டப்படும், அவற்றின் பிளாக் நீளம் மாறலாம். க்யூஎமு 6.1-இலிருந்து 'ரேம் பிளாக் ரீசைஸ்டு டியூரிங் பிரீகாப்பி' என்று சொல்லி மைக்ரேஷனை ஒழுங்காக ரத்து செய்கிறது. விஎம் இருந்த இடத்திலேயே ஓடும், போன நேரம் மட்டும் நஷ்டம். இரண்டாவது, பெர்சிஸ்டென்ட் (விஎம் வரையறையை மறுபக்கத்திலும் சேமிக்கும் தெரிவு) கொடுக்காமல் நகர்த்தினால், மறுபக்கத்தில் அதே பெயரில் கிடக்கும் பழைய வரையறை அப்படியே இருக்கும். அடுத்த முறை ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய மெமரி அளவோடு எழுந்துவரும். மூன்றாவது, ஹியூஜ்பேஜில் (பெரிய அளவு மெமரிப் பக்கங்களில்) முன்ஒதுக்கீடு வைத்திருப்பவர்களுக்கு: மைக்ரேஷனோடு அது ஒழுங்காகச் சேர்ந்தது க்யூஎமு 8.0-இல்தான். க்யூஎமுவை ஏற்றினால் மட்டும் போதாது, விஎம்மின் மெஷின் டைப் (க்யூஎமு விஎம்முக்குக் காட்டும் ஹார்ட்வேர் பதிப்பு) 7.2-இலேயே இருந்தால் பழைய நடத்தைதான். ஒருமுறை ஆஃப் செய்து மெஷின் டைப்பையும் உயர்த்த வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு தீர்ப்பு முரணாகத்தான் இருக்கும், ஆனால் யோசித்தே சொல்கிறேன். அளவு மாறும் மெமரியும் ஓடும் மைக்ரேஷனும் ஒன்றாக வேண்டுமென்றால் என்னைப் பொறுத்தவரை இன்று விர்ட்டியோ-மெம்தான் சிறந்தது, டிம்மும் பலூனும் பக்கத்தில் வர முடியாது. இருந்தாலும் கோத்தகிரி நண்பரே, நீங்கள் இப்போது போடாதீர்கள். உங்கள் ஹோஸ்ட் இரண்டிலும் 64 ஜிபி இருக்கிறது, விஎம் இரண்டே இரண்டு. இரவில் கரண்ட் போனால் நகர்த்தப்போவது வாட்ச்மேன் அழுத்தும் ஒரு பட்டன். அந்த நேரத்தில் ரிக்வெஸ்டடும் கரன்ட்டும் சமமா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. கணக்கு விஎம்முக்கு 12 ஜிபியை நிலையாகக் கொடுங்கள், பலூன் டிவைஸ் இருக்கட்டும், ஆனால் செட்மெம்மை (பலூன் அளவை மாற்றும் விர்ஷ் கட்டளை) தொடாதீர்கள், மெமரி மாற்றும் கிரானை நீக்கிவிடுங்கள். முதல் சுற்று 110 வினாடி ஆகும், உங்கள் யுபிஎஸ் அதைத் தாங்கும். வடகிழக்கு மழை முடிந்து ஜனவரியில் ஹோஸ்ட்களை அப்கிரேடு செய்யும்போது, மெஷின் டைப்பையும் உயர்த்தி, கடைசி வரியில் அந்த மறு-அறிவிப்போடு ஸ்கிரிப்டை எழுதித் தருகிறேன். அப்போது மாறலாம்.