ஆள்சேர்ப்பா, புகார் விசாரணையா? வட அயர்லாந்தின் இரண்டு வழிகள்

ஒரு சமூகம் போலீஸை நம்பாதபோது முதலில் என்ன செய்வது: அந்தச் சமூகத்தினரைப் படையில் சேர்ப்பதா, போலீஸ் மீதான புகாரைத் தனியாக விசாரிப்பதா? வட அயர்லாந்து இரண்டையும் செய்தது. அங்கே பழைய போலீஸ் படையில் கத்தோலிக்கர்கள் சுமார் 8 சதவீதம்தான். 1999-இல் போலீஸ் சீர்திருத்தம் பற்றிய பேட்டன் அறிக்கை வந்தது. அதன்படி 2001 முதல் புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர், மீதி மற்றவர்கள் என்று எடுத்தார்கள். 2011-இல் விதி நின்றபோது கத்தோலிக்கர் பங்கு சுமார் 30 சதவீதம். பலன்தான், ஆனால் பத்து வருடம் பிடித்தது. வாய்ப்பிழந்த புராட்டஸ்டன்டுகளுக்குக் கசப்பு. அப்புறம், சேர்ந்தவர்களுக்கும் ஆபத்து: அதே 2011-இல் ஓமாவில் ஓர் இளம் கத்தோலிக்கக் காவலர் கார் குண்டுக்குப் பலியானார்.

இன்னொன்று, 2000-இல் தொடங்கிய காவல் குறைதீர்ப்பு அலுவலகம். போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்காமல், இதன் சொந்த விசாரணையாளர்கள் விசாரிப்பார்கள். படையின் முகம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று அடிபட்டவர் இன்றே போய்ச் சொல்லலாம். ஒன்றைத்தான் முதலில் செய்ய முடியுமென்றால், என் ஓட்டு இதற்கே.