ஆல்டமாண்டா, பச்சேகோவா? மலையைத் தாண்ட இரண்டு வழிகள்

வீடு தேடிய காலத்தில் எங்கள் முன் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று கில்ராய், மற்றொன்று டிரேசி. வேலை சான் ஹோசேயில். கில்ராயில் விலை கையைக் கடித்தது, அதனால் டிரேசியில் வாங்கினோம். கலிபோர்னியாவின் அதிவேக ரயில் எந்தக் கணவாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குள் நுழைய வேண்டும் என்ற நெடுநாள் வழக்கிலும் இந்த இரண்டு ஊர்களின் பெயர்கள்தான் எதிரெதிரே நிற்கும். தெற்கே கில்ராயை ஒட்டியது பச்சேகோ கணவாய். வடக்கே டிரேசியை ஒட்டியது ஆல்டமாண்ட் கணவாய். நான் ஆல்டமாண்ட் பக்கம். தினமும் அந்த மலையை ஏறி இறங்குகிறவன் என்பதால் எனக்குச் சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதிகாரபூர்வமாக வென்றது பச்சேகோ. ரயில் ஆணையம் 2008இல் அதைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் 995 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். பாதைத் தேர்வை எதிர்த்துச் சில நகரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. சுற்றுச்சூழல் அறிக்கையின் சில பகுதிகளைத் திருத்தும்படி 2009இல் நீதிமன்றம் சொன்னது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் தண்டவாளம் இன்னும் மலையைத் தொடவில்லை. கட்டுமானம் நடப்பதெல்லாம் மலைக்குக் கிழக்கே மத்தியப் பள்ளத்தாக்கில். பச்சேகோவுக்கு அடியில் குடைய வேண்டிய சுமார் 22 கிலோமீட்டர் சுரங்கம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒப்பீட்டுக்குக் காலம் கடந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவானவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. இரண்டு வழிகளும் நிலநடுக்கப் பிளவுகளைத் தாண்ட வேண்டும், இரண்டிலும் மலையைக் குடைய வேண்டும், இரண்டுமே செலவை விழுங்கும்.

பச்சேகோவின் பலத்தை மறைக்க மாட்டேன். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலும் கில்ராய், சான் ஹோசே, சான் பிரான்சிஸ்கோ என்று ஒரே கோட்டில் போய்விடும். ஆல்டமாண்டில் மலையைத் தாண்டியதும் பாதை பிரிந்தாக வேண்டும். சான் ஹோசேக்குச் சில ரயில்கள், சான் பிரான்சிஸ்கோவுக்குச் சில. இரண்டு நகரங்களுக்கும் ரயில்களின் எண்ணிக்கை குறையும். சான் பிரான்சிஸ்கோ பக்கம் போக வளைகுடாவின் தென்பகுதியையும் கடக்க வேண்டும். அங்கே டம்பார்டன் பழைய ரயில் பாலத்தைச் சுற்றி இருப்பது டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம். உப்புச் சதுப்பில் மட்டுமே வாழும் அருகிவரும் எலியினம் ஒன்றுக்கு அதுதான் வீடு. ஆணையம் ஆல்டமாண்டைத் தள்ளியதற்குச் சொன்ன காரணங்களில் இந்த நீர்க்கடப்பு முக்கியமானது. நியாயமான கவலைதான். ஆனால் அதே இடத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் தரும் ஹெட்ச் ஹெட்சி அமைப்புக்காக வளைகுடாவின் அடியில் ஐந்து மைல் சுரங்கம் குடைந்து முடித்திருக்கிறார்கள். ரயிலுக்கு அதைவிட மிகப் பெரிய துளை வேண்டும், செலவும் கூடும். இருந்தாலும் சதுப்பைக் கிளறாமல் அடியில் போக முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சான்று.

பச்சேகோ பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கு வருவோம். மலையிலிருந்து இறங்கும் பாதை லாஸ் பானோஸுக்கு வடக்கே ஹென்றி மில்லர் சாலையை ஒட்டி, கிராஸ்லேண்ட்ஸ் ஈரநிலத்தின் நடுவே கிழக்கு நோக்கிப் போகும். மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இருந்த ஈரநிலங்களில் பத்தில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியதில் மிகப் பெரிய தொகுதி இது. ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2005இல் சேர்ந்தது. அந்த வட்டாரத்துக்குக் குளிர்காலத்தில் இரண்டு முறைதான் போயிருக்கிறேன்; பறவைகளைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒருமுறை அம்மாவை அழைத்துப் போனேன். மூடுபனி விலகியபோது ஆயிரக்கணக்கான வெண் வாத்துகள் ஒரே வீச்சில் எழுந்தன. அம்மாவுக்குச் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கம். “எங்கள் பக்கத்தில் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லையே தம்பி, இங்கேயா ரயில் விடப் போகிறார்கள்?” என்று கேட்டார். அங்கே பாதையைத் தூண்களின் மேல் உயர்த்தி, ஒரு பகுதியைச் சுற்றிலும் மூடிக் கட்டுவதாகத் திட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன். கட்டினால் நல்லது. ஆனால் பணம் தட்டுப்படும்போது இப்படிப்பட்ட மூடிகள்தான் முதலில் கழற்றப்படும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

ஈரநிலத்துக்கு ஈரநிலம் என்று வைத்தால் இரண்டு வழிகளும் கிட்டத்தட்டச் சமம் என்று ஒருவர் வாதிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. எந்தப் பாதை இன்று சாலையில் ஓடும் கார்களை எடுக்கும்?

காலை ஐந்து மணிக்கு 580ஆம் நெடுஞ்சாலையில் ஆல்டமாண்ட் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரேசி, மான்டேகா, ஸ்டாக்டன், மொடெஸ்டோ என்று வீடு மலிவாகக் கிடைத்த ஊர்களிலிருந்து வளைகுடாப் பகுதி வேலைகளுக்குப் போகிறவர்களின் சிவப்பு விளக்குகள், மலை முழுக்க ஒரே வரிசையாக நிற்கும். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் கழிப்பவர்கள் என் தெருவிலேயே பலர். நம் தமிழ்க் குடும்பங்களும் இதில் உண்டு. டிரேசியை ஒட்டிய மவுண்டன் ஹவுஸில் பொங்கல் விழா வைத்தால் பாதிப் பேச்சு 580ஐப் பற்றித்தான். கோடையில் பள்ளத்தாக்கு சூடேறும்போது கடற்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் உள்ளே பாய்கிறது. காற்றாலைகள் இங்கே நிற்பதற்கு அதுவே காரணம். அந்தக் காற்றோடு மேற்கே வளைகுடாப் பகுதியின் வாகனப் புகையும் வருகிறது. மத்தியப் பள்ளத்தாக்கின் தென்பகுதியான எங்கள் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கின் காற்று அமெரிக்காவிலேயே மோசமானவற்றில் ஒன்று. என் மகளின் பள்ளிப் பையில் இன்ஹேலர் இருக்கிறது.

இந்த மலையைத் தாண்ட இப்போது ஒரு ரயில் உண்டு. 1998இல் தொடங்கிய ஏஸ் ரயில், ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசே வரை 86 மைலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. நூறாண்டு கடந்த சரக்கு ரயில் தடத்தில், வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, வார நாட்களில் காலையில் நான்கும் மாலையில் நான்குமாக ஓடுகிறது. மூன்று ஆண்டுகள் அதில் போனேன். மாலைக் கூட்டம் அரை மணி நீண்டால் கடைசி ரயில் போய்விடும். மறுபடியும் காருக்குத் திரும்பினேன். வேகமும் எண்ணிக்கையும் இருந்தால் நான் மட்டுமல்ல, என் தெருவே ரயிலேறும்.

பச்சேகோ பாதையில் அப்படி யார் ஏறுவார்கள்? கில்ராய்க்கும் மத்தியப் பள்ளத்தாக்கிலுள்ள மெர்செடுக்கும் நடுவில் நிலையமே இருக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டின் சட்டமே தடுத்திருக்கிறது. லாஸ் பானோஸ் வயல்களில் புதுக் குடியிருப்புகள் முளைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதன் பின்னால் இருப்பதைப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் பொருள், அந்த நீண்ட மலைப்பகுதி முழுவதும் தொலைதூரப் பயணிகளுக்கு மட்டுமே பயன்படும் என்பதுதான். ஸ்டாக்டன்காரர் அதிவேக ரயிலில் சான் ஹோசே போக நினைத்தால், முதலில் தெற்கே மெர்செட் வரை இறங்கி, பிறகு மேற்கே திரும்பி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. சேக்ரமென்டோகாரருக்கும் இதே கதி. ஆல்டமாண்டில் வந்திருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் ரயில், சேக்ரமென்டோ ரயில், எங்களைப் போன்ற தினப் பயணிகளின் ரயில் மூன்றும் ஒரே சுரங்கத்தைப் பகிர்ந்திருக்கும். மலையை ஒருமுறை குடைவதற்கு மூன்று பயன்கள்.

இன்னொன்று, ஆல்டமாண்ட் ஏற்கெனவே காயப்பட்ட மலை. 1869இலேயே கண்டம் கடந்த ரயில் இதன் வழியாக ஓடியது. நெடுஞ்சாலை, மின்கம்பிகள், காற்றாலைகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. பச்சேகோவைச் சுற்றியுள்ள மலைகள் இன்னும் பெருமளவு மேய்ச்சல் நிலமாகவும் விலங்குகள் நடமாடும் இடமாகவும் இருக்கின்றன. இருக்கிற தடத்தில் இன்னொரு தடம் போடுவது, புதிய இடத்தைத் திறப்பதைவிடச் சிறிய கேடு என்றே எனக்குப் படுகிறது. நீண்ட சுரங்கம் மேற்பரப்பைக் காப்பாற்றும் என்பது பச்சேகோகாரர்களின் பதில். நில மேற்பரப்புக்கு அது சரி. மேலே இருக்கும் ஊற்றுகளின் நீர் கீழே வடியுமா என்ற கேள்வியை மேய்ச்சல்காரர்கள் எழுப்பினால், அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கில்ராயில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர், “பாதை முடிவாகிவிட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு?” என்கிறார். பச்சேகோ சுரங்கத்துக்கான முழுப் பணம் இன்னும் கையில் இல்லை. அது வரும் நாள்வரை ஏஸ் ரயிலுக்கு இரண்டாவது தடமும் மாலையில் இன்னும் இரண்டு ரயில்களும் கேட்டு, நானும் என் தெருக்காரர்களும் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை. அதற்கும் 580 வழியாகத்தான் போக வேண்டும்.