பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில்: பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு பல்சக்கரச் சேவை

ஒற்றை வேக சைக்கிள் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், கைப்பிடியின் வளைவைப் பார்ப்பார்கள்; சங்கிலி ஓடும் முன், பின் பல்சக்கரங்களில் எத்தனை பற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது. நானும் எண்ணவில்லை. என் வண்டி முன்னால் 46 பற்களும் பின்னால் 16 பற்களும் கொண்டு வந்தது. கடைகளில் பெட்டியோடு வரும் பல ஒற்றை வேக வண்டிகளில் இருப்பது இந்த ஜோடிதான் என்பதால், அதில் குறை இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தஞ்சோங் பூங்காவிலிருந்து லிட்டில் இந்தியாவில் உள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் மிதித்து, நான்கு மாதங்களில் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிய பிறகுதான், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் சைக்கிள் கடைக்கு வண்டியைக் கொண்டு போனேன். இந்த மதிப்புரை அங்கே கிடைத்த ஒரே ஒரு சேவையைப் பற்றியது: ஓட்டுபவருக்கும் அவர் போகும் சாலைக்கும் ஏற்ற பல் விகிதத்தைத் தேர்ந்து, அதைப் பொருத்தித் தருவது.

கடைக்காரர் முதியவர், ஹொக்கியனும் மலாயும் கலந்து பேசுபவர். நான் முழங்காலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது, "ஹாரி ஹாரி லாலு ஜாலான் மானா?" என்பதுதான். நாள்தோறும் எந்த வழியாகப் போகிறாய் என்ற அந்தக் கேள்வியை வண்டி விற்ற இடத்தில் எவரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. எத்தனை சிக்னல்களில் நிற்க நேர்கிறது, திரும்பி வரும்போது கடற்காற்று எதிரில் அடிக்கிறதா, ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து ஃபெரிங்கிப் பக்கம் போவதுண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, வேலை செய்யும் தமிழ் அண்ணனிடம் வண்டியை ஒப்படைத்தார்.

கணக்கு எளியது. முன்பற்களைப் பின்பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும்; 46க்கு 16 என்றால் 2.875. மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது பின்சக்கரம் அத்தனை சுற்று சுற்றுகிறது. 25 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்பதால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 6.04 மீட்டர் நகர்கிறது. பின்னால் 17 பற்கள் என்றால் அது 5.68 மீட்டராகவும், 18 என்றால் 5.37 மீட்டராகவும் குறைகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்ற நிதானமான மிதியில் இவை முறையே மணிக்கு 29, 27.3, 25.8 கிலோமீட்டர் வேகத்தைத் தருகின்றன. காகிதத்தில் பார்த்தால் 16 பற்களே மேல் என்று தோன்றும். ஆனால் ஜார்ஜ் டவுனின் ஒருவழிச் சாலைகளில் 29 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அதில் அரை நிமிடமாவது நீடிக்க எந்தச் சிக்னல் விடுகிறது? நின்ற நிலையிலிருந்து வண்டியைக் கிளப்பும் முதல் நான்கைந்து மிதிகளில்தான் முழங்கால் தேய்கிறது, அந்தக் கிளப்பல் என் வழியில் ஒரு நடைக்குப் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. அதே ஏற்றத்தில் அதே வேகத்தில் போக, 16க்குப் பதில் 18 பற்கள் இருந்தால் மிதியின் மேல் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது என்பதை அந்த அண்ணன் கரித்துண்டால் தரையில் எழுதியே காட்டினார். பின்னால் ஒரு பல்லைக் கூட்டுவது முன்னால் ஏறத்தாழ மூன்று பற்களைக் குறைப்பதற்குச் சமம் என்பதையும், முன்பல்சக்கரத்தை மாற்றுவதைவிடப் பின்பல்சக்கரத்தை மாற்றுவது மலிவு என்பதையும் அவரே சொன்னார். விலை கூடிய பொருளை என் தலையில் கட்ட அவர் முயலவில்லை. இதை நான் குறித்தே ஆக வேண்டும்.

கனமான விகிதம்தான் வீரம் என்று நினைக்கும் இளைஞர்கள் கடைக்கு நிறைய வருகிறார்களாம். மலேசியச் சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் அடுத்து டோக்கியோவில் வெள்ளியும் வென்றது கெய்ரின் என்னும் ஓடுதளச் சைக்கிள் போட்டியில். அங்கே முன்னால் செல்லும் மோட்டார் வண்டி வேகத்தைப் படிப்படியாக ஏற்றிக் கொடுத்துவிட்டு விலகுகிறது, பாதையில் சிக்னலும் இல்லை, குறுக்கே வரும் மோட்டார் சைக்கிளும் இல்லை. அங்கே பொருந்தும் கனமான விகிதத்தைப் பினாங்கு சாலையில் போட்டுக்கொள்வது, பந்தயக் குதிரையைக் கட்டை வண்டியில் பூட்டுவது போன்றது.

இந்தக் கடையின் தனிச்சிறப்பு, 16 முதல் 19 வரை பற்கள் மாட்டிய நான்கு பின்சக்கரங்களைச் சோதனைக்கென்றே தனியாக வைத்திருப்பது. ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ பின்அச்சு நகர வேண்டியது சுமார் 3 மில்லிமீட்டர்தான் என்பதால், சட்டத்தில் அச்சு உட்காரும் பின்பள்ளத்தில் இடம் இருக்கும் வரை சங்கிலியை வெட்டாமலே அவற்றை மாற்றி மாற்றிப் போடலாம். ஒவ்வொன்றிலும் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு நடை போய்வரச் சொன்னார்கள். 19இல் கால் வீணாகச் சுழல்வது போல் இருந்தது. 18 ஏற்றத்தில் சுகம், சமதளத்தில் கொஞ்சம் அவசரம். 17இல் மிதித்தபோதுதான் முழங்கால் இருப்பதே மறந்துபோனது. எண்ணைச் சொல்லி வாங்குவதைவிடக் காலால் தேர்ந்து வாங்குவது எத்தனை வேறுபட்டது என்பதை இந்த அரை நாள் எனக்குக் காட்டியது.

இருந்தும் 17 மட்டும் போதவில்லை. தஞ்சோங் பூங்கா தாண்டிக் கடலோரமாக ஏறி இறங்கும் சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், நிலைப்பல் பூட்டிய வண்டியில் கால்கள் நிமிடத்துக்கு 132 தடவை சுழல வேண்டும். நிறுத்தவும் முடியாது, ஏனென்றால் சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழலும். என் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் இருபுறமும் மரை இருந்ததால், ஒரு பக்கம் 17 பற்கள் கொண்ட நிலைப்பல்லையும், மறுபக்கம், மிதியை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் 18 பற்கள் கொண்ட ஃப்ரீவீலையும் பொருத்த முடிவாயிற்று. வார நாள்களில் நகருக்கு நிலைப்பல்; தெலுக் பஹாங் வரை போகும் ஞாயிறுகளில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு ஃப்ரீவீல். ஒரே ஒரு பல் வேறுபாடு என்பதால் சங்கிலி இரண்டுக்கும் பொருந்துகிறது. பின்பிரேக் கட்டைகள் ரிம்மில் சரியாகப் படிகின்றனவா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் இல்லாத வண்டியை இந்தக் கடையில் தொடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் வந்த பையன் ஒருவனை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

சக்கரத்தைப் பூட்டி இழுத்துச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விகிதத்தைச் சுருக்கியபின் கீழே நிற்கும் எண்தான், எப்போதும் ஒரே காலை முன்வைத்துச் சறுக்கும்போது டயர் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48க்கு 16 என்பது 3க்கு 1 ஆகச் சுருங்குவதால் டயரில் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தேய்ந்து சீக்கிரம் ஓட்டையாகிவிடும்; 46க்கு 16 சுருங்கினால் 23க்கு 8, ஆகவே எட்டு இடங்கள்; 46க்கு 17 சுருங்குவதே இல்லை, பதினேழு இடங்கள். நான் சறுக்குபவன் அல்லன் என்றாலும், தைப்பூசத்துக்கு மறுநாள் தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே வண்டியை நிறுத்த நேர்ந்தபோது பதினேழின் அருமை தெரிந்தது.

குறைகளும் இருந்தன. முதல் நாள் சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். முன்பல்சக்கரம் இம்மியளவு மையம் தவறியிருந்ததால், ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் சங்கிலி விறைத்து நின்று, மிதிக்கும்போது முனகியது. மிக விறைப்பான அந்த இடத்தில் நிறுத்தி, சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவாவது அசைய வேண்டும். அதைப் பார்க்காமல் அனுப்பியது அனுபவமுள்ள கடை செய்யக்கூடிய தவறல்ல. திரும்பக் கொண்டு போனபோது முகம் சுளிக்காமல், முன்பல்சக்கரத்தின் ஐந்து ஆணிகளையும் தளர்த்தி, மையம் பார்த்து, காசு வாங்காமல் சரிசெய்து தந்தார்கள். நிலைப்பல்லைக் காக்கும் பூட்டு வளையத்தின் மரை எதிர்ப்புறமாக இறுகுவது. அதைச் சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஒரு முறை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் தாமாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகே சொன்னார்கள். எழுத்தில் ரசீது கிடையாது என்பது இன்னொரு குறை.

நிலைப்பல், ஃப்ரீவீல், அகலச் சங்கிலி, கூலி எல்லாம் சேர்த்து 145 ரிங்கிட் கொடுத்தேன். இணையத்தில் தனித்தனியாக வாங்கியிருந்தால் பொருள்கள் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும். ஆனால் நான் 18 வாங்கியிருப்பேன், ஒரு மாதம் கழித்து 17உம் வாங்கியிருப்பேன். சமதளத்தில் மட்டும், அதிகம் நிற்காமல் ஓட்டுகிறவர்கள் பெட்டியோடு வந்த 16ஐ மாற்றுவதற்காக இங்கே வரத் தேவையில்லை. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் குடியிருந்து நாள்தோறும் மேடேறி வீடு திரும்புகிறவர்கள், சோதனைச் சக்கரங்களில் 18ஐயும் 19ஐயும் முதலில் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமைக் காலையில் கூட்டம் அதிகம். வார நாளில், மழை வருவதற்கு முன், மதியத்துக்குள் போய்விட்டால் நான்கு சக்கரங்களையும் பொறுமையாக ஓட்டிப் பார்க்கலாம்.