ஸ்டீம்போட் கடையில் ஒரே ஒரு மீனுக்கு 158 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)! சிங்கப்பூரில் இருப்பவர்கள் கவனம்

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. நாலு நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். மேசை நடுவில் சூப் கொதிக்க, வேண்டியதை நாமே போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பூகிஸ் பக்கம் ஒரு பஃபே கடைக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கு 29.90 வெள்ளி, பிளஸ் பிளஸ். அதாவது 10% சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9% ஜிஎஸ்டி. மூன்று பேருக்கும் சேர்த்து 108 வெள்ளிக்குள் முடிந்திருக்க வேண்டிய சாப்பாடு.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். மாலா என்கிற காரமான சீன சூப்பில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதால் அது வேண்டாம் என்று, தக்காளி சூப்பும் கோழி சூப்பும் சொன்னேன். இரண்டிலும் மாடு இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தேன். சூப்பை இத்தனை விசாரித்த நான் மீனை விசாரிக்கவில்லை.

பரிமாறியவர் வயதான சீனர், மலேசியாவில் ஈப்போக்காரராம். "அக்கா, நல்ல மீன் இருக்கு" என்று அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்களைத் தொட்டிப் பக்கம் அழைத்துப்போய் வலையில் ஒரு சூன் ஹாக் மீனைத் தூக்கிக் காட்டினார். அது துள்ளியதில் அம்மாவின் புடவையில் தண்ணீர் தெறித்தது. உடனே ஓடிப்போய் டிஷ்யூ எடுத்துவந்து கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் விழுந்தேன். விலை கேட்டதற்கு "ட்வெல்வ் டாலர்" என்றார். பஃபேயில் சேராத மீன், தனியாக 12 வெள்ளி, போகட்டும் என்று தலையாட்டிவிட்டேன். எடை போட்டதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

பில் 265 வெள்ளி 82 காசு.

மீன் 1 கிலோ 100 கிராமாம். 12 வெள்ளி என்பது 100 கிராமுக்காம். 132 வெள்ளி, வரியெல்லாம் சேர்த்து 158. கவுண்டரில் இருந்த பெண் மெனுவைத் திருப்பி, விலைக்குக் கீழே எறும்பு அளவில் இருந்த எழுத்தைக் காட்டினார். "நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. சரி, மீனைக் காட்டியவரைக் கூப்பிடுங்கள் என்றால், அவருக்கு வேலை நேரம் முடிந்துவிட்டதாம். பின்னால் வரிசை நின்றது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் செய்தேன். மேனேஜருக்கு லீவாம். திங்கள்கிழமை செய்தி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று மறுபடி கூப்பிட்டதற்கு "மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினேன். இன்று காலை வந்த பதிலைக் கேளுங்கள்: வருந்துகிறோம், அடுத்த முறை 100 வெள்ளிக்கு மேல் சாப்பிட்டால் 10 வெள்ளி கழிவு! 158 வெள்ளியை வாங்கிக்கொண்டு 10 வெள்ளி கூப்பன்.

எல்லாவற்றையும்விட அம்மாவைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. 158 வெள்ளியை ரூபாயில் கணக்குப் போட்டார். பத்தாயிரத்துக்கு மேல். "என்னாலதானே, நான் அந்த மீனைப் பார்த்திருக்கவே கூடாது" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். வந்த இடத்தில் அவருக்கு இந்த நினைப்பைக் கொடுத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

விவரமாக அறிவுரை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. உயிர் மீன், நண்டு, இறால் எதுவானாலும் விலை 100 கிராமுக்கா, முழுசுக்கா என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் எடையையும் மொத்த விலையையும் எழுதி வாங்குங்கள். கேட்காமல் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈர டிஷ்யூவுக்கும் காசு போடுவார்கள், வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். மெனுவைப் போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

இந்த மாதிரி சின்னத் தொகைத் தகராறுகளை விசாரிக்கும் சிறுகோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப்போட 10 வெள்ளிதான் கட்டணம் என்று அலுவலக நண்பர் சொன்னார். பில்லும் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலும் கையில் இருக்கின்றன. இன்று ராத்திரி உட்கார்ந்து மனுவை எழுதப் போகிறேன்.