கொட்டித் தீர்ப்பதா, குறித்து வைப்பதா, கடிதமாக எழுதுவதா?

பல ஆண்டுகளாக நான் ஒரு கதையை நம்பிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த மேலாளர் படுத்திய பாட்டால்தான் அந்த வேலையை விட்டேன் என்பது அந்தக் கதை. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் துளியும் இல்லை. பிறகு ஒருநாள் பழைய டைரியைப் புரட்டினேன். அவர் வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே, "இங்கே எனக்கு இனி ஒன்றும் இல்லை" என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அடுத்த வாரமும் அதே மாதிரி ஒரு வரி. அதற்கடுத்த மாதம் இரண்டு.

எழுதியதும் நான்தான், மறந்ததும் நான்தான். ஆகவே எழுதும் முறைகளை ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஏதாவது இதனால் தெரியவந்ததா? மனம் லேசாவது நல்ல விஷயம்தான். ஆனால் அது வேறு கணக்கு.

முதலில், கொட்டித் தீர்க்கும் எழுத்து. காலையில் கண் விழித்ததும் மூன்று பக்கம், கையால், மனதில் வருவதையெல்லாம் நிறுத்தாமல் எழுத வேண்டும். 'காலைப் பக்கங்கள்' என்ற பெயரில் அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரன் 1992இல் பரவலாக்கிய முறை இது. பிழை பார்க்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை நின்றுவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நானும் நான்கு மாதம் விடாமல் எழுதினேன். பிறகு எடுத்துப் படித்தபோது, ஒரே மனக்குறை ஒரே சொற்களில் நூறு நாள் வந்திருந்தது. அசைபோடுவதும் ஆராய்வதும் எழுதும் நேரத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இந்த முறையில் இரண்டையும் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. அதனால் இதை எழுத்துக்கான பயிற்சியாக ஏற்பேன், தன்னை அறியும் வழியாக அரைகுறையாகத்தான் ஏற்பேன்.

இதற்கு நேர் எதிரானது, எண்ணி நான்கே நாள் எழுதுவது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. சிலருக்குத் தங்கள் வாழ்வின் மிக வேதனையான நிகழ்ச்சி. நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய கையோடு முன்பைவிட மனம் கனத்துத்தான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. 2006இல் இப்படிப்பட்ட 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியதுதான் என்று தெரிந்தது. இதை மந்திரம்போல் விற்கிறவர்கள் அந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

என்னை ஈர்த்தது வேறொன்று. எழுதியவர்களின் சொற்களைப் பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் யாருடைய எழுத்தில் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடினவோ, அவர்களுக்குத்தான் பலன் அதிகம். 'நான்' என்பதற்கும் 'அவர்', 'அவர்கள்' என்பதற்கும் இடையே நாளுக்கு நாள் பார்வை மாறியவர்களும் நலமாக இருந்தார்கள். அதாவது, கொட்டியது மட்டும் போதவில்லை. கொட்டியதைச் சுற்றிவந்து வேறு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு குறிப்பிட்ட காயம் இருந்து, அதைப் பற்றி எழுதத் தெம்பும் இருந்தால், காலைப் பக்கங்களைவிட இந்த நான்கு நாளையே சொல்வேன். இதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி. எழுதப் போனால் உடைந்துவிடுவோம் என்று தோன்றினால் அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள் என்று பென்னிபேக்கரே சொல்லியிருக்கிறார். புதுத் துக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நன்றிப் பட்டியல் எழுதுவதையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். மனதைத் தேற்ற அது உதவும். தேடலுக்கு அதில் இடம் குறைவு. தாளிலா போனிலா என்ற வாதமும் எனக்குப் பெரிதில்லை. பத்து வருடம் கழித்தும் திறந்து படிக்க முடிகிற எதிலும் எழுதலாம்.

அந்தப் பத்து வருடத்தால்தான் டைரி என் மனதில் மேலே நிற்கிறது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் தன்னைத் தேடும் நோக்கம் எதுவும் இல்லை. கப்பல், வாணிபம், அரசியல், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதே அதில் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் படிக்கிறவருக்கு அந்த மனிதர் தெரிகிறார். நடந்ததைக் குறித்தாலே குறிக்கிறவரும் அதில் பதிந்துவிடுகிறார். எனவே டைரியில் தீர்ப்பு எழுத வேண்டாம் என்பேன். "நான் கோழை" என்ற வரியால் பின்னாளில் ஒரு பயனும் இல்லை. "மூன்று முறை போனை எடுத்தேன், கூப்பிடாமலே வைத்துவிட்டேன்" என்ற வரியிலிருந்து ஐந்து வருடம் கழித்தும் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

ஆனால் திரும்பப் படிக்காத டைரி பாதி டைரிதான். நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1944 ஜனவரியில் தன் பழைய பக்கங்களைப் படித்துவிட்டு, இனி இப்படியெல்லாம் எழுத என்னால் முடியாது என்று அதிலேயே குறிப்பு சேர்த்தார். அப்போது வயது பதினான்கு. முந்தைய வரியை அழிக்காமல் அருகிலேயே இன்னொரு வரி சேர்த்தாரே, அதுதான் எனக்கு முன்மாதிரி. நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேறு நிற மையில், ஓரத்தில் எழுதுகிறேன்.

டைரிக்கு உள்ள குறை, காலம். இன்றைய முடிச்சுக்கு அது இன்று பதில் சொல்லாது. அங்கேதான் அனுப்பாத கடிதம் வருகிறது. எழுத்தாளர் காஃப்கா 1919இல் தன் தந்தைக்குக் கைப்பட நூறு பக்கத்துக்கு மேல் எழுதிய கடிதம் தந்தையிடம் போய்ச் சேரவே இல்லை. அதன் கடைசிப் பகுதியில் அவர் ஒன்று செய்கிறார்: இதைப் படித்தால் தந்தை என்ன பதில் சொல்வார் என்று தந்தையின் குரலிலேயே எழுதுகிறார். தன் குற்றச்சாட்டுக்கு எதிரான வாதத்தையும் தானே வைக்கிறார்.

நானும் அக்காவுக்கு அப்படி ஒன்று எழுதினேன். ஆறு பக்கம் முழுக்க என் பக்க நியாயம். ஏழாவது பக்கத்தில் அவள் குரலை எடுத்ததும் வந்த முதல் வரி: "நான் வரமாட்டேன்னு நீயா முடிவு பண்ணிட்டே. ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கவில்லைதான். அது வெகுநாளாக எனக்குள் இருந்திருக்கிறது; 'நான்' என்று எழுதிய எந்தப் பக்கத்திலும் வெளியே வரவில்லை.

பிறருக்குத்தான் கடிதம் எழுத வேண்டும் என்பதில்லை. ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் தனக்கென்று எழுதிய குறிப்புகளில் தன்னையே 'நீ' என்று முன்னிலையில் நிறுத்திப் பேசுகிறார். நமக்கு இது புதிதல்ல. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்குப் பெயரே நெஞ்சொடு கிளத்தல். நெஞ்சை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் அந்த வடிவத்தில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். "எனக்கு ஏன் பயம்?" என்று எழுதுவதற்கும் "உனக்கு எதைக் கண்டு பயம்?" என்று எழுதுவதற்கும் வருகிற பதில்கள் வேறுவேறாக இருக்கும்.

ஒரு உறவோ ஒரு முடிவோ நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் கடிதம், பதிலோடு சேர்த்து. அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் சந்தேகம் வந்துவிட்டது என்றால் டைரி. நாளுக்கு ஐந்து வரி போதும். தேதி போடும்போது ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். என்னிடம் உள்ள ஒரு நோட்டில் நாளும் மாதமும் மட்டும் இருக்கின்றன. அதில் ஒரு பக்கத்தில் "இன்று ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அது அந்த வேலையை விடுவதற்கு முன்பா பின்பா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.