மொச்சைக்கொட்டை வைத்து நடந்த வகுப்பு: தருமபுரி மூன்று நாள் பயிற்சி

பென்னாகரம் பக்கம் பதினாறு வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். போன மாதம் தருமபுரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சிக்குப் போய் வந்தேன். வறுமையும் ஆண் பெண் பாகுபாடும் வைத்தியத்தை எங்கே தடுக்கின்றன என்பதுதான் பாடம். கட்டணம் இல்லை, பஸ் செலவை அன்றன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை ஆளுக்கு இருபது மொச்சைக்கொட்டையும், யாராக நடிக்க வேண்டும் என்று எழுதிய ஒரு சீட்டும் கொடுத்தார்கள். கொட்டைதான் கையிருப்புப் பணம். எனக்கு வந்த சீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி, மலையூர், கணவன் பெங்களூரில் கட்டட வேலை. ஸ்கேனுக்குத் தருமபுரி வர வேண்டும். அன்றைய கூலி போச்சு, ஆறு கொட்டை. துணைக்கு வரும் மாமியார் கூலிக்கு இன்னொரு ஆறு. டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் பஸ் நிற்கும் இடம்வரை இறங்க ஷேர் ஜீப்புக்கு இருவருக்கும் ஆறு. கூட வந்த குழந்தைக்கு ஒரு பன். ஸ்கேன் அறை வாசலில் என் கையில் ஒரே ஒரு கொட்டை. வீடு திரும்ப ஜீப்புக்கு இல்லை.

"அரசு ஆஸ்பத்திரியில காசா கேக்கறாங்க, வர வேண்டியதுதானே?" என்று நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! ரத்தசோகையில் ஹீமோகுளோபின் 7.2 இருந்த ஒரு பெண்ணை, இரும்புச்சத்து மாத்திரை விழுங்கவில்லை என்று நாலு பேர் எதிரில் திட்டினேன். அப்புறம் அவள் என்னிடம் வரவே இல்லை. "வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், சட்டியில் என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்களா?" என்றார் பயிற்சி தந்த அம்மா. நான் கேட்டதே இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பேன், பாஸ்புக் யார் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்ததில்லை.

வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் பற்றிய பேச்சும் நன்றாக இருந்தது. பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்த தாயை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகிய மாவட்டம் இது. அந்த முடிவை வீட்டில் எடுத்தது யார் என்ற கேள்வியை அன்றைக்குத்தான் ஒரு மேடையில் காதால் கேட்டேன்.

குறைகளும் உண்டு. கையேடு முழுக்க ஆங்கிலம். டாக்டர்கள் இரண்டே பேர் வந்தார்கள், அவர்களும் முதல் நாள் மதியத்தோடு கிளம்பிவிட்டார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிறவர்கள் அந்த மொச்சைக்கொட்டையை எண்ணியிருக்க வேண்டும். பெரிய வருத்தம் கடைசி நாள்தான். வீட்டில் அடிபடும் பெண்களைப் பற்றிய வகுப்பை நாற்பது நிமிடத்தில் முடித்து, பெண்கள் உதவி எண் 181-ஐக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். எண் எனக்குத் தெரியும். கன்னத்தில் வீக்கத்தோடு வருகிறவளிடம், கணவன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிப் பேச்சைத் தொடங்குவது? அதைக் கற்கத்தான் நான் போனேன்.

இருந்தாலும் செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள் கண்டிப்பாகப் போங்கள். போகும்போது உங்கள் மருத்துவ அலுவலரையும் அழைத்துப் போங்கள், அந்த இரண்டாம் நாள் காலைக்காவது.